கடலோர மிட் செஞ்சுரி மாடர்ன் வீட்டை வாங்குவதும் காப்பதும்: படிப்படியான முழு வழிகாட்டி

தட்டைக் கூரை, ஒல்லித் தூண், பெரிய கண்ணாடிச் சுவர் என்று மிட் செஞ்சுரி மாடர்ன் பாணியில் கட்டி, கடலைப் பார்த்து நிற்கும் 1950, 60-களின் வீடு ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். அல்லது வாங்கிவிட்டு எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான். அப்படி ஒரு வீட்டின் பழுதுவேலையில் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை கூடவே இருந்திருக்கிறேன். அப்புறம் வேறு சிலருக்குத் துணையாகப் போய், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த வீடுகளுக்கு எதிரிகள் இரண்டு: உப்பு, தடிமன். உப்பு வீட்டை உள்ளிருந்து தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். தடிமனைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. கூரை ஒழுகுகிறது என்று மேலே இன்னொரு அடுக்கு போடுகிறோம். கண்ணாடி வழியாக வெப்பம் வருகிறது என்று பருமனான சட்டம் வைக்கிறோம். தூண் துருப்பிடித்தது என்று சுற்றிப் பலகை அடித்து மூடுகிறோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் கத்தி போன்ற கூரை விளிம்பு, ஒல்லித் தூண், விரலகலச் சட்டம் இவற்றால்தான் அந்த வீட்டுக்கு அந்த அழகே வந்தது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்துப் போட்டது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே தேவைப்படும் ஆட்கள், கருவிகள், காலம்

மூன்று பேர் வேண்டும். கான்கிரீட் அரிப்பைக் கண்டறிந்து பழகிய கட்டமைப்புப் பொறியாளர், பழைய கட்டடங்களைப் பாதுகாத்து அனுபவமுள்ள கட்டடக்கலைஞர், மண்ணையும் கரை அரிப்பையும் ஆராயும் நிலத் தொழில்நுட்ப வல்லுநர். புது வீடு மட்டுமே கட்டியிருக்கும் பொறியாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இங்கே போதாது. சந்தேகம் வந்த இடத்தை எல்லாம் இடித்துக் கட்டச் சொல்வார், ஏனென்றால் அவருக்குப் பழகிய தீர்வு அதுதான்.

உங்கள் கையில் ஒரு டார்ச் விளக்கு, காந்தம், கூர்மையான குத்தூசி, மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர், சிறிய சுத்தியல், கேமரா இருக்கட்டும். காந்தம் எதற்கு என்றால், பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பா, அலுமினியமா என்று சட்டென்று தெரிந்துகொள்ள.

காலம்தான் முக்கியம். முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டைப் பார்த்த பிறகே பெரிய வேலையைத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் வாங்கி, வெயில் காலத்திலேயே பழுதுபார்த்து முடித்தவர்கள் முதல் புயலில் எல்லாவற்றையும் மறுபடி பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. முதலில் நிலம், அப்புறம் வீடு

வாசலைத் தாண்டி உள்ளே போய் அந்தக் கண்ணாடிச் சுவர் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டால் மனசு அங்கேயே தங்கிவிடும். அதனால் உள்ளே போகுமுன் வெளியே சுற்றுங்கள்.

வீடு மேட்டின் விளிம்பில் இருந்தால், விளிம்புக்கும் அடித்தளத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பழைய வான்வழிப் படங்களைத் தேடி, கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்த விளிம்பு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். சராசரி வேகம் மட்டும் போதாது. மேடு ஆண்டுதோறும் சீராகக் கரைவதில்லை. பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் சில மீட்டர் சரியும்.

மேட்டின் முகத்தில் ஈரக்கோடு, பச்சைத் தாவரங்கள், ஊற்று தெரிகிறதா என்று பாருங்கள். அலை கீழிருந்து அரிப்பது ஒரு பக்கம் என்றால், தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணீரும் உடைந்த மழைநீர்க் குழாயும் மேலிருந்து மண்ணைத் தளர்த்துகின்றன. பின்னதை நாமே நிறுத்தலாம், செலவும் குறைவு.

காப்பீட்டை இந்தக் கட்டத்திலேயே கேளுங்கள். கூரையின் வயது, கண்ணாடித் திறப்புகளுக்கு உள்ள பாதுகாப்பு, தரைமட்ட உயரம் மூன்றையும் கேட்பார்கள். வெள்ளத்துக்குப் பல இடங்களில் தனிப் பாலிசி. அத்தோடு, சேதத்துக்குப் பிறகு இன்றைய கட்டட விதிப்படி திரும்பக் கட்டும் கூடுதல் செலவைப் பாலிசி ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். விலை பேசி முன்பணமும் கொடுத்த பிறகு காப்பீடு கிடைக்காமல் தவிப்பதைவிட இது எளிது.

3. பழைய வரைபடங்களையும் படங்களையும் தேடுங்கள்

சுவரைத் தட்டிப் பார்க்குமுன் காகிதத்தைப் பாருங்கள். உள்ளாட்சி அலுவலகத்தின் கட்டட அனுமதிக் கோப்பில் மூல வரைபடம், பின்னால் சேர்த்த அறைகள், கூரை மாற்றிய ஆண்டு எல்லாம் இருக்கக்கூடும். கட்டியவர் பெயர் தெரிந்த கட்டடக்கலைஞர் என்றால் ஆவணக் காப்பகங்களைக் கேளுங்கள். உதாரணமாக, கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் நியூட்ராவின் காகிதங்கள் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உள்ளன. பால் ருடால்ஃபின் வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அந்தக் காலக் கலிஃபோர்னிய வீடுகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்த ஜூலியஸ் ஷுல்மனின் தொகுப்பு லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத உள்ளூர்க் கட்டடக்கலைஞர் என்றால் அவர் குடும்பத்தையும் பழைய உரிமையாளர்களின் குடும்ப ஆல்பங்களையும் விசாரியுங்கள். ஒரு பிறந்தநாள் படத்தின் பின்னணியில் அசல் சமையலறைக் கதவுகள் முழுசாகத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, எல்லாம் வெள்ளைச் சுவர் என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வீடுகளில் நிறம் நிறையவே இருந்தது. சுவிட்ச் பலகைக்குப் பின்னால், கதவுக் கீலுக்கு அடியில் கூரான கத்தியால் மெல்லச் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பழைய பூச்சுகள் தெரியும். அவற்றில் எது முதல் பூச்சு என்று உறுதி செய்ய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சிறு துண்டை அனுப்பலாம்.

4. எது வீடு, எது பின்னால் ஒட்டியது என்று பட்டியலிடுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு அறையாக நின்று, ஒவ்வொரு பகுதியையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: தொடவே கூடாதது, தேவைப்பட்டால் அதே அளவில் அதே பொருளில் மாற்றலாம் என்பது, தாராளமாக மாற்றலாம் என்பது. இந்தப் பட்டியல் இல்லாமல் ஒப்பந்தக்காரரிடம் பேசினால், எது முக்கியம் என்பதை அவர் வசதி தீர்மானிக்கும்.

முதல் வகையில் வழக்கமாக வருபவை: கூரை விளிம்பின் தடிமன், தூண்களின் இடைவெளி, உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக ஓடுவது, சுவர் வெளியிலிருந்து உள்ளே தொடர்வது, கூரையின் அடிப்பலகை அப்படியே உள்கூரையாகத் தெரிவது, சுவரோடு கட்டிய அலமாரிகள்.

நிழல் தரும் அமைப்புகளை அலங்காரம் என்று நினைத்துக் கடைசி வகையில் தள்ளாதீர்கள். ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் பால் ருடால்ஃப் 1953-ல் கட்டிய குடை வீட்டின் மேல் ஒரு பெரிய சட்ட நிழற்பந்தல் இருந்தது. 1960-களில் புயல் அதைக் கொண்டுபோனது. அந்தப் பந்தல்தான் வீட்டை வெயிலிலிருந்து காத்தது, வீட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 2015-ல்தான் முழுமையாகத் திரும்ப அமைத்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு சட்டமோ சாய்தட்டோ காணாமல் போயிருந்தால், இப்போது உள்ளே ஏன் இவ்வளவு சூடு என்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

இந்தப் பட்டியலை எப்படி எழுதுவது என்று மாதிரி வேண்டுமானால், வடிவமைப்பாளர் தம்பதி ஈம்ஸ் பசிபிக் கடலைப் பார்த்த மேட்டில் 1949-ல் கட்டிய ஈம்ஸ் இல்லத்துக்காகக் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பாதுகாப்புத் திட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு மாற்றம் தாங்கும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

5. வீட்டைச் சோதியுங்கள்

கான்கிரீட்டில் தொடங்குங்கள், பணம் அதிகம் போவது அங்கேதான். எல்லோரும் கடலைப் பார்த்த சுவரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் பால்கனியின் அடிப்பகுதி, கார் நிறுத்தும் இடத்தின் கூரையடி, ஆழமான தாழ்வாரத்தின் உள்மூலை இவற்றைப் பாருங்கள். கடலை நேராகப் பார்க்கும் சுவரை மழை கழுவிவிடும். மழை படாத இடத்தில் உப்பு தங்கித் தங்கிச் சேரும்.

சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். பிரிந்துபோன இடத்தில் மண்பானையைத் தட்டியது போல் பொத்தென்று கேட்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில்தான் மேலே உள்ள கான்கிரீட் பிரிந்து உதிர்கிறது. வெளியே ஒரு பழுப்புக் கோடு தெரியும்போது உள்ளே வேலை எப்போதோ தொடங்கியிருக்கும்.

அடுத்தது இரண்டு சோதனைகள். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே அதிகச் செலவு வைத்தது. புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ப்தலீன் என்ற வேதிக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காற்றின் கரியமில வாயு புகுந்த பகுதி நிறமில்லாமல் இருக்கும். கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரத்தன்மைதான். ஆனால் இந்தச் சோதனை அதை மட்டுமே காட்டும். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு வீட்டில் உடைத்த இடமெல்லாம் பளிச்சென்று சிவந்ததும், கான்கிரீட் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அதே தூணில் கம்பி பாதிக்கு மேல் மெலிந்திருந்தது. குளோரைடு உப்பு புகுந்துவிட்டால், காரத்தன்மை இருந்தாலும் கம்பியில் குழி குழியாக அரிப்பு விழும்.

அதனால் குளோரைடு சோதனையைத் தனியாகக் கேளுங்கள். மேல்பரப்பு, நடு, கம்பியின் ஆழம் என்று படிப்படியாகத் துளையிட்டுத் தூளை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். ஆழம் போகப் போக உப்பு குறைந்தால் அது வெளிக்காற்றிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு இருந்தால், கட்டும்போதே கழுவாத கடற்கரை மணலோ, சீக்கிரம் இறுகுவதற்காகப் போட்ட கால்சியம் குளோரைடோ கலவையில் சேர்ந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டாவது நிலைமை பெரிய விஷயம். மேலே பூச்சு பூசி அதைச் சரிசெய்ய முடியாது.

கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மெல்லியதாகக் கட்டவேண்டும் என்ற ஆசையில் அந்தக் காலத்தில் இதைக் குறைத்தே வைத்தார்கள். உடைக்காமலே அரிப்பின் வாய்ப்பை அறிய அரைமின்கல மின்னழுத்தச் சோதனை உண்டு. செம்பு சல்ஃபேட் முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அங்கே அரிப்பு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

இரும்புத் தூண்களைத் தரையோடு சேரும் இடத்தில் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், தரைக்குள் புதைந்த இரண்டு அங்குலத்தில் காகிதம் போல் ஆகியிருக்கும். ஓரிடத்திலாவது தரையைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி வாங்குங்கள். தயங்கினால் விலையில் அதைக் காட்டுங்கள்.

மர உத்தரங்கள் கூரைக்கு வெளியே நீண்டிருந்தால் அந்த நுனிகளைக் குத்தூசியால் குத்துங்கள். மேல்பக்கத்தைக் குத்தவேண்டும், தண்ணீர் நிற்பது அங்கேதான். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அழுகல் தொடங்க வழியிருக்கிறது.

கூரையில் எத்தனை அடுக்குகள் சேர்ந்திருக்கின்றன என்று ஓரிடத்தில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடென்றால் அழுத்தச் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத அந்தக் கால வீடு அரிது. ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடு, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, குழாய் உறை, சிமெண்டுத் தகடு எல்லாவற்றையும் ஆய்வு முடியும்வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெயின்டில் ஈயம், பழைய மூட்டுப் பசையில் பிசிபி என்ற நச்சும் இருக்கலாம். சோதனை முடிவு வருமுன் உப்புத்தாள் தேய்க்கவோ உடைக்கவோ யாரையும் விடாதீர்கள்.

6. விலை பேசுங்கள்

மூன்று தொகைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: வீடே இல்லையென்றால் நிலத்தின் விலை, வீடு நல்ல நிலையில் இருந்தால் மொத்த விலை, இன்றைய நிலையிலிருந்து நல்ல நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு. கடலோரத்தில் முதல் தொகை மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். அதனால்தான் தரகர்கள் இந்த வீடுகளை இடிப்பதற்கான நிலமாகவே காட்டுகிறார்கள், உங்களோடு போட்டி போடுபவரும் பெரும்பாலும் இடிக்கத்தான் வருகிறார்.

உங்கள் பலம் சோதனை அறிக்கைதான். கான்கிரீட், இரும்பு, கூரை என்று பிரித்துக் காட்டிய செலவுக் கணக்கோடு பேசுங்கள். விற்பவர் குடும்பத்துக்கு அந்த வீட்டின் மேல் பாசம் இருந்தால், இடிக்கமாட்டேன் என்பதை நேராகவே சொல்லுங்கள். அது விலையைக் குறைக்கும் என்று உறுதி சொல்லமுடியாது, ஆனால் யாருக்கு விற்பது என்ற முடிவை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் கழற்றி வைத்த அசல் கதவுகள், கைப்பிடிகள், விளக்குகள், மிச்ச ஓடுகள் எல்லாம் வீட்டோடு சேரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகையில் கிடக்கும் ஒரு பெட்டி ஓடு பின்னால் பொன்னாகத் தோன்றும்.

7. அனுமதிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

கடலோரத்தில் இரண்டு வகை விதிகள் ஒரே வீட்டின் மேல் வந்து நிற்கும். ஒன்று கரையைக் காப்பது, மற்றது பழைய கட்டடத்தைக் காப்பது. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, நீங்கள்தான் பேசவைக்கவேண்டும். கலிஃபோர்னியாவில் 1976-ன் கடற்கரைச் சட்டப்படி கரையோர மண்டலத்தில் கட்டுமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அதே மாநிலத்தில் 1972-ன் மில்ஸ் சட்டப்படி, தகுதியுள்ள வரலாற்று வீட்டின் உரிமையாளர் உள்ளாட்சியோடு குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தம் செய்து, வீட்டைப் பராமரிப்பதற்கு ஈடாகச் சொத்துவரிச் சலுகை பெறலாம். உங்கள் பகுதியில் இதற்கு இணையானவை என்னென்ன என்று முதலில் கேளுங்கள்.

அமெரிக்காவில் வெள்ள அபாயப் பகுதியில் உள்ள வீடென்றால் ஒரு விதி ஆளையே கவிழ்க்கும். சீரமைப்புச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால், முழுக் கட்டடத்தையும் இன்றைய வெள்ள விதிக்கு உட்படுத்தவேண்டும், அதாவது தூக்கி உயரத்தில் வைக்கவேண்டி வரலாம். மதிப்பு என்பது இங்கே கட்டடத்துக்கு மட்டும், நிலம் சேராது. கடலோரச் சொத்தில் நிலம்தான் விலை, வீட்டுக்குப் போட்ட மதிப்பு சொற்பம். ஆகவே சாதாரணப் பழுதுகூட அந்த எல்லையைத் தொட்டுவிடும். முறைப்படி வரலாற்றுக் கட்டடமாகப் பதிவான வீட்டுக்கு, அந்தத் தகுதி கெடாதவரை விலக்கு கிடைக்க வழி உண்டு. எனவே பதிவை முதலில் முடியுங்கள், பழுதுக்கான அனுமதியை அப்புறம் கேளுங்கள். தலைகீழாகச் செய்தவர்களுக்குத் திரும்பி வர வழி கிடைப்பதில்லை.

8. தண்ணீரை நிறுத்துங்கள்

வேலை தொடங்கினால் முதல் கை கூரையில். சமையலறையில் தொடங்காதீர்கள். மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது கீழே செய்வதெல்லாம் வீண்.

தட்டைக் கூரை என்று சொன்னாலும் அதற்கு வாட்டம் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் தண்ணீர் ஓடும். ஆண்டுகள் போகப் போக உத்தரம் தொய்ந்து நடுவில் குளம் கட்டியிருக்கும். பழைய அடுக்குகளை முழுசாகக் கழற்றுங்கள். அவற்றின் மேலேயே இன்னொன்று போட்டால் எடையும் கூடும், விளிம்பும் தடிக்கும், அழுகிய பலகையும் மறைந்துபோகும்.

வெப்பக்காப்புப் பலகை வைக்கும்போதுதான் விளிம்பு போகிறது. 100 மி.மீ. பலகையை ஓரம்வரை கொண்டுவந்தால், 150 மி.மீ. விளிம்பு 250 ஆகிவிடும், தெருவிலிருந்து பார்த்தாலே வேறு வீடு. பலகையைச் சுவர்க்கோட்டோடு நிறுத்தி, வெளியே நீளும் தாழ்வாரத்தைப் பழைய தடிமனிலேயே விடுங்கள். தாழ்வாரத்துக்குக் கீழே அறை இல்லை, அங்கே வெப்பக்காப்புக்கு வேலையும் இல்லை. மட்ட வித்தியாசத்தைச் சரிவாக வெட்டிய பலகையால் இணைக்கலாம்.

கூரைப் பலகையே உள்கூரையாகத் தெரியும் வீட்டில், திருகாணியின் நீளத்தை நீங்களே எடுத்து அளந்து பாருங்கள். ஒருநாள் காலையில் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தபோது, தேன் நிறப் பலகையெங்கும் நூற்றுக்கணக்கான ஆணி நுனிகள் முள்ளாக நின்றன. மேலே வேலை செய்தவர்களுக்குக் கீழே பொய்க்கூரை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியவில்லை.

அப்படியே இறங்கி வெளித்தரையைப் பாருங்கள். தோட்ட வேலையில் மண்ணை மேவி மேவி, வெளிமட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கும். மண்ணை வெட்டி எடுங்கள். உள்ளும் புறமும் ஒரே மட்டமாக ஓடும் வாசலில் வாசற்படித் தடுப்பு வைக்காமல், கதவுக்கு வெளியே குறுகிய நீள்வாய்க்கால் ஒன்றைப் பதித்தால் தண்ணீரும் நிற்காது, மட்டமும் மாறாது.

9. கான்கிரீட்டைப் பழுதுபாருங்கள்

பொரிந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவது மிகப் பழைய பிழை. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ. கொத்தி எடுக்கவேண்டும். கம்பியின் பின்பக்கத் துருவை விட்டுவிட்டால் ஒட்டு சில ஆண்டுகளில் கழன்று விழும்.

சரியாகக் கொத்திப் பூசினாலும் இன்னொரு சிக்கல் வரும். உப்பில்லாத புது ஒட்டும் உப்புள்ள பழைய கான்கிரீட்டும் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒட்டின் ஓரத்தைச் சுற்றி அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஒட்டைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் வருவது இதனால்தான். ஒட்டுக்குள் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிப் புதைத்தால், கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். உப்பு ஆழமாகப் பரவிய வீட்டுக்கு, கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் மின்வழிப் பாதுகாப்பு முறை தேவைப்படலாம், அதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

நிறமும் பலகை அச்சும் பொருந்த, சுவரில் கை வைக்குமுன் மாதிரித் துண்டுகள் வார்த்து வெளியே வையுங்கள். 28 நாளாவது காயவிட்டு, ஈரமாகவும் உலர்ந்தும் இரண்டு நிலையிலும் பழைய சுவரோடு ஒப்பிடுங்கள். மூல கான்கிரீட்டின் மணலும் ஜல்லியும் எந்த நிறம் என்று பார்த்து அதுபோலவே தேடுவது, சாயம் கலப்பதைவிட நல்லது. எதுவும் பொருந்தவில்லை என்று முழுச் சுவருக்கும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பலகையின் ரேகை படிந்த அந்தச் சாம்பல் பரப்பு ஒருமுறை போனால் போனதுதான்.

10. இரும்பும் அலுமினியமும்

துருவை வெள்ளை உலோகம் தெரியும்வரை எடுத்து, உப்பைத் தண்ணீரால் கழுவி, காய்ந்த உடனேயே துத்தநாகம் செறிந்த முதல் பூச்சு அடிக்கவேண்டும். இடையில் ஒரு இரவு போனாலே கடல்காற்றில் புதுத் துரு படரும். காலையில் தேய்த்து மாலைக்குள் பூச முடிகிற அளவு மட்டுமே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூணின் அடி மட்டும் போயிருந்தால், அந்த அடியை வெட்டி அதே பருமனில் புதுத் துண்டு பற்றவைக்கலாம். முழுத் தூணையும் மாற்றவேண்டாம்.

திருகாணிகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 கடலோரத்தில் பழுப்பு படிந்து குழி விழும். 316-ல் உள்ள மாலிப்டினம்தான் வித்தியாசம். ஸ்டெயின்லெஸ் ஆணி அலுமினியச் சட்டத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள். உப்பு ஈரம் இடையில் இருந்தால் இரண்டு உலோகமும் மின்கலம் போல் வேலை செய்து அலுமினியம் மாவாக உதிரும்.

11. கண்ணாடி

அசல் கண்ணாடி பெரும்பாலும் 6 மி.மீ. ஒற்றைத் தகடு, பாதுகாப்புக் கண்ணாடி அல்ல. உடைந்தால் வாளாக விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதைக் கொண்டு மாற்றுவது என்பதுதான் பேச்சு.

விற்பனையாளர் உடனே இரட்டைக் கண்ணாடியைச் சொல்வார். அது 20 முதல் 24 மி.மீ. வரை பருமன். பழைய சட்டத்தின் பள்ளத்தில் நுழையாது, சட்டத்தையே மாற்றவேண்டி வரும். மெல்லிய சட்டம் போய்ப் பருமனான சட்டம் வந்தால் கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டது போல் ஆகிவிடும். பதிலாக இடையில் படலம் வைத்த ஒட்டுக் கண்ணாடியை 6 மி.மீ. அளவிலேயே கேளுங்கள். வெப்பமும் தடுக்கவேண்டும் என்றால் வெற்றிடக் கண்ணாடி உண்டு. இரண்டு தகடும் சேர்ந்து ஏறத்தாழ 6 முதல் 8 மி.மீ.தான், விலை அதிகம். புயல் பகுதியில் மோதல் தாங்கும் சான்று கட்டாயமாக இருக்கும், அங்கே பருமன் கூடுவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்படியானால் கூடுதல் பருமனை உட்பக்கமாகத் தள்ளி, வெளியிலிருந்து தெரியும் அகலத்தைப் பழையபடி வையுங்கள்.

நிறம் ஏற்றிய கண்ணாடியும் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் படலமும் வேண்டாம். மாலையில் விளக்கேற்றியதும் வீடு ஊடுருவித் தெரிவது இந்தக் கட்டடங்களின் உயிர்.

12. மரம்

உத்தர நுனி அழுகியிருந்தால், நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி அதே வகை மரத்தில் ஒட்டு போடுங்கள், மேல்பக்கத்துக்கு மெல்லிய உலோகத் தொப்பி வையுங்கள். நுனியை அறுத்து எறிந்துவிட்டுக் கூரையோடு சமமாக்குவது எளிதான வழி, அதனாலேயே பலர் செய்கிறார்கள். நியூட்ராவின் வீடுகளில் உத்தரம் கூரையைத் தாண்டிப் போய் வெளியே ஒரு தூணில் இறங்கும். அதைச் சிலந்திக் கால் என்பார்கள். அதை அறுத்தால் வீடு தோட்டத்தைத் தொடுவதே நின்றுவிடும்.

சுத்தம் செய்யும்போது பொறுமை வேண்டும். அழுத்தத் தண்ணீர் அடித்தால் மென்மையான நார் பறந்து ரேகை மட்டும் நிற்கும். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் கடலைப் பார்த்து நிற்கும், 1965-ல் முடிந்த சால்க் ஆய்வு நிலையத்தின் தேக்கு சன்னல் சுவர்களில், பூஞ்சைப் படலமும் முன்பு பூசிய பூச்சுகளும் சேர்ந்து நிறம் திட்டுத்திட்டாக மாறியிருந்தது. கெட்டி பாதுகாப்பு நிறுவனம் முதலில் காரணத்தை ஆராய்ந்து, சிறு பகுதிகளில் சோதித்து, அப்புறம்தான் முழு வேலைக்குப் போனது. 2017-ல் வேலை முடிந்தபோது தேக்கின் பெரும்பகுதி மாற்றப்படாமல் தப்பியிருந்தது. உங்கள் வீட்டிலும் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சதுர அடியைச் சுத்தம் செய்து, ஒரு மழை போகவிட்டுப் பார்த்த பிறகே மீதியைத் தொடுங்கள்.

13. மின்சாரம், குழாய், குளிர்சாதனம்

கூரைக்கும் உள்கூரைக்கும் இடையில் இடமே இல்லாத வீடு இது. மின்கம்பியைக் கூரை வேலையின்போதே வெப்பக்காப்புக்குள் வழி செய்து ஓட்டிவிடுங்கள், அப்புறம் வாய்ப்பில்லை. குளிர்சாதனக் குழாய்களை அலமாரிகளின் பின்பக்கமாகக் கொண்டுபோகலாம். காற்றுக் குழாய்க்காகப் பொய்க்கூரை இறக்காதீர்கள். வெளி அலகைக் கடல்காற்று நேராகப் படாத பக்கத்தில், தரையில் வையுங்கள். கூரைமேல் வைத்தால் சீக்கிரம் அரிக்கும், மேட்டுப் பக்கமிருந்து அசிங்கமாகத் தெரியவும் செய்யும்.

14. உள்வேலை

சமையலறையும் குளியலறையும் இப்போதுதான். அசல் அலமாரிகளின் பலகை நன்றாக இருந்தால் கீலையும் இழுப்பறைத் தடத்தையும் மட்டும் மாற்றுங்கள், உள்ளே புதுச் சாதனங்களைப் பொருத்துங்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை கட்டி, எந்த அறை, எந்தச் சுவர் என்று குறித்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். எண் போடாத நாற்பது கைப்பிடிகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

15. கழுவும் அட்டவணை

வேலை முடிந்த நாளிலேயே ஒரு பதிவேடு திறங்கள். சட்டங்கள், தூண்கள், கைப்பிடிக் கம்பிகள், கதவுத் தடங்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், அழுத்தமில்லாமல் கழுவவேண்டும். மழை படாத தாழ்வாரத்தின் அடியை மறக்காதீர்கள். புயல் அடித்தால் மறுநாளே ஒருமுறை கழுவுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் கூரையின் நீர்ப்போக்கிகளையும் கண்ணாடிச் சட்டத்தின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளையும் ஊசி விட்டுத் திறந்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் அந்தத் துளைகளை அறியாமல் அடைத்துவிடுவார்கள், அப்புறம் தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தியலை எடுத்து, முன்பு சுண்ணக்கட்டி வட்டமிட்ட அதே இடங்களைத் தட்டி, சத்தம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். வீட்டை விற்கும்போது சாவியோடு அந்தப் பதிவேட்டையும், மாதிரித் துண்டுகளையும், மிச்சமிருக்கும் ஓட்டுப் பெட்டியையும் அடுத்தவர் கையில் கொடுங்கள்.